ஊக்கமருந்துப் பரிசோதனை: மலையக வீரர்களுக்கு முதல் மாத்திரையிலிருந்து மேன்முறையீடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஓட்டப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கண்டிக்கும் கொழும்புக்கும் போய்வரும் பயிற்றுநராக இதை எழுதுகிறேன். பரிசோதனை என்றதும் எல்லோரும் போத்தலையும் அந்த அறையையும் நினைத்துப் பயப்படுகிறார்கள். நான் பார்த்த வரையில் பிள்ளைகள் தடுமாறுவது அதற்கு ஒரு வாரம் முன்னால், டிஸ்பென்சரியில் பெயர் எழுதாத கடதாசி உறையில் நாலு மாத்திரை வாங்கும்போதுதான். அதனால் கீழே உள்ள படிகளை இதே ஒழுங்கில் செய்யுங்கள். மருந்தைச் சரிபார்க்காமல் பரிசோதனை நாளுக்குத் தயாராவதில் பயனில்லை.

இதில் சொல்லும் தண்டனைகள் வாடா எனப்படும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் 2021 விதிக்கோவைப்படி உள்ளவை. 2027 ஜனவரி 1 முதல் புதிய கோவை வருகிறது. அப்போது எண்களை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

1. இந்த விதி உங்களுக்கும் பொருந்துமா என்று பாருங்கள்

அநேகமாகப் பொருந்தும். ஒரு விளையாட்டுச் சங்கத்தில் பதிந்திருந்தால், அல்லது அந்தச் சங்கம் நடத்தும் போட்டியில் ஓடினால், நீங்கள் விதிக்குள் வந்துவிட்டீர்கள். நம் நாட்டில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஸ்லாடா எனப்படும் இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையம் இதைச் செய்கிறது. பாடசாலை மட்டப் போட்டிகளிலும் மாதிரி எடுப்பார்கள். “நான் என்ன, தேசிய வீரனா?” என்று கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

இதில் ஒரு அடிப்படை உண்டு. உடம்பில் தடைசெய்த பொருள் இருந்தால் குற்றம் அப்போதே நிலைநாட்டப்பட்டுவிடும். எப்படி வந்தது, யார் கொடுத்தார், தெரிந்து குடித்தீர்களா என்பதெல்லாம் தண்டனையின் அளவைத் தீர்மானிக்கத்தான் பயன்படும். ஷேன் வோர்ன் 2003இல் அம்மா கொடுத்த மாத்திரை என்றுதான் சொன்னார். அது சிறுநீரைப் பெருக்கும் மருந்து. உலகக் கிண்ணத்துக்கு முன் ஊருக்கு அனுப்பப்பட்டார், ஒரு வருடத் தடையும் விழுந்தது.

2. ஒரு பழைய கொப்பியும் ஒரு பையும் தயார் செய்யுங்கள்

கொப்பியில் நாள், மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை தரம், யார் கொடுத்தது என்று எழுதுங்கள். பனடோல் குடித்தாலும் எழுதுங்கள். பரிசோதனை நாளில் கடந்த ஏழு நாள் பாவித்த மருந்தெல்லாம் படிவத்தில் கேட்பார்கள். ஓடிக் களைத்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.

பையில் தேசிய அடையாள அட்டை அல்லது பாடசாலை அடையாள அட்டை, வைத்தியர் எழுதிய துண்டுகளின் பிரதி, அந்தக் கொப்பி, மூடி திறக்காத இரண்டு தண்ணீர்ப் போத்தல். பிள்ளை 18 வயதுக்குக் கீழ் என்றால் கூட வரும் பெரியவர் யார் என்று புறப்படும் முன்பே பேசிவையுங்கள். அம்மா அப்பா கொழுந்து வேலையை விட்டுக் கொழும்பு வரை வர முடிவதில்லை. பயிற்றுநரோ ஆசிரியையோ பொறுப்பெடுக்க வேண்டும், அவர் கடைசி வரை மைதானத்தில் நிற்க வேண்டும்.

3. மருந்தைச் சரிபாருங்கள்

ஒரு மருந்தைப் பற்றி நாலு கேள்வி கேட்க வேண்டும், இதே வரிசையில்: உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் என்ன? எந்த வழியாக உடம்புக்குள் போகிறது? எவ்வளவு? போட்டிக்கு எத்தனை நாள் இருக்கிறது?

முதல் கேள்வியிலேயே பலர் நின்றுவிடுவார்கள், ஏனென்றால் உறையில் பெயர் இருக்காது. வெட்கப்படாமல் கேளுங்கள்: “டொக்டர், நான் போட்டிகளில் ஓடுகிறேன். எனக்கு ஊக்கமருந்துப் பரிசோதனை இருக்கிறது. மருந்தின் பெயரை இந்த உறையில் எழுதித் தர முடியுமா?” இப்படிக் கேட்டு எழுதித் தராத வைத்தியரை நான் இதுவரை பார்க்கவில்லை. கேட்காத பிள்ளைகளைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்கியது கம்பெனிப் பெயர் என்றால் பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் பாருங்கள். வாடா பட்டியலில் மூலப்பெயர்தான் இருக்கும்.

அந்தப் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் திகதியும் புதிதாக அமலுக்கு வரும். மரியா ஷரபோவா வருடக்கணக்காகக் குடித்த மெல்டோனியம் 2016 ஜனவரியில் பட்டியலில் சேர்ந்தது. அவர் புதிய பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை. இரண்டு வருடத் தடை, மேன்முறையீட்டில் 15 மாதமாகக் குறைந்தது. பட்டியல் முந்திய வருடமே இணையத்தில் வந்துவிடும். டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள் உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

நம் பக்கத்தில் அடிக்கடி இடறும் மருந்துகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

*இருமல் சிரப்.* குளிரும் மழையும் உள்ள ஊர், இருமல் வராத பிள்ளை இல்லை. சில இருமல் சிரப்களில் டெர்பியுட்டலின் இருக்கிறது. அது எந்த வழியில் எடுத்தாலும், எந்த நாளிலும் தடை. இந்திய கிரிக்கெட் வீரர்கள் யூசுப் பதானும் பிருத்வி ஷாவும் மாட்டியது இதில்தான். ஒருவருக்கு 5 மாதம், மற்றவருக்கு 8 மாதம். சிரப் போத்தலின் லேபிளைப் படிக்காமல் ஒரு கரண்டியும் குடிக்காதீர்கள்.

*வீசிங் மருந்து.* சல்பியுட்டமோல் பம்ப் பாவிக்கலாம், அளவு உண்டு: 8 மணிநேரத்தில் 600 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது, 24 மணிநேரத்தில் 1,600க்கு மேல் போகக்கூடாது. ஒரு அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம் வரும் பம்ப் என்றால் 8 மணிநேரத்தில் ஆறு அழுத்தம். அதே சல்பியுட்டமோல் மாத்திரையாகவோ சிரப்பாகவோ வந்தால் முற்றாகத் தடை. இரவில் இழுப்பு வந்து வைத்தியசாலையில் நெபுலைசர் பிடித்தால் அளவு சுலபமாகத் தாண்டிவிடும். உயிர்தான் முதலில், பிடியுங்கள். ஆனால் அந்தத் துண்டை வாங்கி வைத்து அடுத்த நாளே படி 5க்குப் போங்கள்.

*பிரட்னிசலோன்.* இழுப்புக்கும் தோல் அரிப்புக்கும் சும்மா கொடுத்துவிடுவார்கள். மாத்திரையாகவோ ஊசியாகவோ எடுப்பது போட்டிக் காலத்தில் தடை. பூசும் கிரீமும், மருந்து அளவில் இழுக்கும் பம்ப்பும் பிரச்சினை இல்லை. போட்டிக் காலம் என்பது போட்டிக்கு முதல் நாள் இரவு 11.59க்கே தொடங்குகிறது. நேற்று குடித்ததும் இன்று சிறுநீரில் இருக்கும் என்பதால், மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்று வைத்தியரிடம் நாள் கணக்கு கேளுங்கள்.

*சேலைன்.* இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். களைப்புக்கு ஒரு போத்தல் சேலைன் ஏற்றிக்கொள்வது நம் ஊர்களில் சாதாரண விஷயம். ஆனால் 12 மணிநேரத்தில் 100 மில்லிலீற்றருக்கு மேல் நரம்பில் ஏற்றுவது தடைசெய்த முறை, வெறும் உப்புத் தண்ணீராக இருந்தாலும். வைத்தியசாலைச் சிகிச்சை, சத்திரசிகிச்சை, வைத்தியப் பரிசோதனை ஆகியவற்றுக்காக முறைப்படி ஏற்றினால் விலக்கு. போட்டிக்கு முதல் நாள் தெம்புக்காகத் தனியார் டிஸ்பென்சரியில் ஏற்றினால் விலக்கு கிடைக்காது.

*வீக்க மாத்திரை.* காலில் நீர் இறங்க வீட்டுப் பெரியவர்கள் குடிக்கும் ஃபுரோசிமைட் எப்போதும் தடை. எடைப் பிரிவில் போட்டியிடும் பிள்ளைகள் எடை குறைக்க இதைத் தேடுகிறார்கள். அது உடம்புக்கும் ஆபத்து.

*வலி மாத்திரை.* பனடோலும் டிக்ளோபெனக்கும் சரி. டிரமடோல் 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை.

*மாதவிடாய் தள்ளும் மாத்திரை.* நோரெதிஸ்டரோன் தடை இல்லை. ஆனால் அது உடம்பில் உடையும்போது, ஸ்டீரொய்டு எடுத்தால் தெரியும் அதே பொருள் சிறிய அளவில் தென்படலாம். எனவே படிவத்தில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் கூச்சத்தில் மறைக்கிறார்கள், அதனால் ஆசிரியை ஒருவர் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

தேத்தண்ணி பற்றி எப்போதும் யாராவது கேட்பார்கள். கபேன் 2004இலேயே தடைப்பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. எத்தனை கோப்பை வேண்டுமானாலும் குடியுங்கள்.

4. நாட்டு மருந்தையும் ஜிம் பவுடரையும் தனியாகப் பாருங்கள்

இவற்றை நாலு கேள்வியால் மட்டும் சரிபார்க்க முடியாது. லேபிளில் இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்கும் என்ற உறுதி இல்லை.

நம் நாட்டு கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க 2011 உலகக் கிண்ண அரையிறுதியில் எடுத்த மாதிரியில் பிரட்னிசோனும் பிரட்னிசலோனும் வந்தன. தோள்பட்டைக் காயத்துக்கு எடுத்த மூலிகை மருந்தால் வந்தது என்று விளக்கினார், விசாரணையில் மூன்று மாதத் தடை. மூலிகை என்ற பெயரில் வரும் மருந்தில் இங்கிலிஷ் மருந்து கலந்திருக்கலாம் என்பதற்கு இதைவிட நமக்குப் பக்கத்து உதாரணம் இல்லை.

மதன மோதகம் போன்ற லேகியங்களில் கஞ்சா சேர்வது உண்டு. கஞ்சா போட்டிக் காலத்தில் தடை. சீந்தில் இனத்துக் கொடி ஒன்றில் ஹைஜனமைன் என்ற தடைப்பொருள் இயற்கையாகவே இருப்பதை வாடா பட்டியலே சொல்கிறது. கொத்தமல்லி அவித்த தண்ணீர், இஞ்சி, பெருங்காயம் என்று வீட்டில் கண்முன்னே செய்வதில் எனக்குப் பயமில்லை. யாரோ உருட்டித் தரும் சூரணமும் உருண்டையும் போட்டிப் பருவத்தில் வேண்டாம் என்பதே என் முடிவு.

புரோட்டீன் பவுடர் வாங்கியே ஆக வேண்டும் என்றால், தொகுதி வாரியாகச் சோதித்து முத்திரை இட்டதை வாங்குங்கள். பில்லையும் டப்பாவையும் வைத்திருங்கள், கடைசியில் ஒரு கரண்டி பவுடரையும் மிச்சம் வையுங்கள். பிறகு பிரச்சினை வந்தால், கலப்படம் என்று நிரூபிக்க அந்த மிச்சம் வேண்டும். என் பிள்ளைகளுக்கு நான் முட்டை, கடலை, பயறு தவிர எதையும் சொல்வதில்லை.

5. தேவையான மருந்து தடையாக இருந்தால் சிகிச்சை விலக்கு கேளுங்கள்

நோய்க்கு வேறு மருந்து இல்லை என்றால் விதி உங்களைக் கைவிடாது. தேசிய மட்ட வீரர் ஸ்லாடாவுக்கும், சர்வதேச மட்ட வீரர் தமது சர்வதேச சம்மேளனத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும். போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் அனுப்புங்கள்.

பெரும்பாலும் நிராகரிக்கப்படுவது வெறும் துண்டு மட்டும் இணைத்த விண்ணப்பம். நோய் இருப்பதற்கான பரிசோதனை அறிக்கை, முன்பு முயன்ற மருந்துகள், அவை ஏன் போதவில்லை என்று வைத்தியரின் கடிதம், எல்லாம் வேண்டும். தோட்ட வைத்தியசாலையில் இந்த அறிக்கைகள் கிடைப்பது கஷ்டம். ஆஸ்துமாவுக்கான மூச்சுப் பரிசோதனைக்கு ஆதார அல்லது மாவட்ட வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போக வேண்டியிருக்கும், அதற்கே நாள் எடுக்கும். அவசர சிகிச்சை என்றால் பிறகும் விண்ணப்பிக்கலாம்.

6. இருப்பிட விபரம் கேட்டால் லயத்தின் கதவு வரை எழுதுங்கள்

இது பரிசோதனைக் குழுவில் பதிவான முன்னணி வீரர்களுக்கு மட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கே தூங்குகிறீர்கள், எங்கே பயிற்சி என்று பதிய வேண்டும். தினமும் காலை 5 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையில் ஒரு 60 நிமிடம் குறிக்க வேண்டும். அந்த ஒரு மணிநேரம் நீங்கள் அங்கே இருந்தே ஆக வேண்டும். 12 மாதத்தில் மூன்று தவறு என்றால் வழக்கு. மேற்கிந்தியக் கிரிக்கெட் வீரர் ஆந்த்ரே ரஸல் 2017இல் ஒரு வருடம் வெளியே இருந்தது எந்த மருந்தாலும் அல்ல, விபரம் பதியாததால்.

தோட்ட முகவரியில் ஒரு சிக்கல் இருக்கிறது. முழுத் தோட்டத்துக்கும் ஒரே தபால் முகவரி. கொழும்பிலிருந்து வரும் அதிகாரி விடியற்காலை மூடுபனியில் எந்த லயம் என்று தேடுவார்? டிவிஷன் பெயர், லய இலக்கம், அறை இலக்கம், “கோயிலுக்கு மேலே, கொழுந்து மடுவத்தைத் தாண்டி இரண்டாவது லயம்” என்ற குறிப்பு, போனில் எடுத்த வரைபடப் புள்ளி, இவ்வளவும் போடுங்கள். போனில் கூப்பிடுவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். கூப்பிட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை, நம் பக்கத்தில் சிக்னலும் நிச்சயமில்லை. பயிற்சிக்கு முன் வீட்டில் இருக்கும் காலை 5 முதல் 6 வரையான நேரத்தைக் குறிப்பதுதான் சுலபம்.

7. பரிசோதனை நாளில் நடக்கும் ஒழுங்கு

ஓடி முடித்ததும் ஒருவர் வந்து அடையாள அட்டை காட்டி நீங்கள் தெரிவாகியிருப்பதாகச் சொல்வார். படிவத்தில் கையெழுத்திட்ட நொடியிலிருந்து அவர் கண்ணை விட்டு நீங்கக்கூடாது. பதக்கம் வாங்க, அடுத்த ஓட்டம் ஓட, காயத்துக்கு மருந்து கட்ட, அடையாள அட்டை எடுக்க நேரம் கேட்கலாம், அவரும் கூட வருவார். சொல்லாமல் பஸ்ஸுக்குப் போனால் அது தப்பித்தல், மாதிரியில் பொருள் வந்ததற்குச் சமமான பெரிய குற்றம்.

உடனே இரண்டு விஷயம் கேளுங்கள்: என் பிரதிநிதி வர வேண்டும், தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும். பிரதிநிதி உங்கள் உரிமை. மொழிபெயர்ப்பாளர் கிடைத்தால் பெறுவதும் உரிமை. புரியாமல் தலையாட்டி எல்லாவற்றுக்கும் கையெழுத்திட்ட பிள்ளைகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அதிகாரிகள் மறுத்து அல்ல, பிள்ளை கேட்கவே இல்லை. அதனால் நான் இப்போது “எனக்குத் தமிழில் விளக்க ஒருவர் வேண்டும்” என்ற வசனத்தைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பாடமாக்க வைக்கிறேன்.

தண்ணீரை மூடி திறக்காத போத்தலில் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். என் பையன் ஒருவன் 10,000 மீற்றர் முடித்துவிட்டு, சீக்கிரம் முடிந்தால் ஹட்டன் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று மூன்று போத்தல் குடித்தான். மாதிரி நீர்த்துப் போயிற்று, அடுத்த மாதிரிக்காக இரவு வரை உட்கார்ந்தோம். சிறுநீரின் அடர்த்தி பொதுவாக 1.005 இருக்க வேண்டும், அளவு 90 மில்லிலீற்றர் இருக்க வேண்டும். குறைந்தால் அதை மூடி வைத்துவிட்டு மறுபடி எடுப்பார்கள்.

மாதிரி கொடுக்கும்போது அதே பாலினத்தவர் ஒருவர் நேரே பார்ப்பார். மார்பின் நடுவிலிருந்து முழங்கால் வரை உடையை விலக்க வேண்டும், கையை முழங்கை வரை மடிக்க வேண்டும். இதை முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லுங்கள், முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு. அங்கே போய்த் திடீரென்று தெரிந்தால் அழுது மறுத்துவிடுவார்கள், மறுப்புக்கு நாலு வருடம் வரை தடை. 18 வயதுக்குக் குறைந்தவருடன் வரும் பிரதிநிதி, பார்ப்பவர் ஒழுங்காக நடக்கிறாரா என்று கவனிப்பார், பிள்ளையை நேரே பார்க்கமாட்டார்.

பிறகு பல பெட்டிகளில் ஒன்றை நீங்களே தெரியுங்கள். மாதிரியைப் பிரித்து ஊற்றும் ஏ, பி என்ற இரண்டு போத்தல்களிலும் பெட்டியிலும் ஒரே இலக்கம் இருக்கிறதா என்று வாய்விட்டு வாசியுங்கள். ஊற்றுவதும் மூடுவதும் உங்கள் கையாலேயே நடக்கட்டும். ஆய்வுகூடத்துக்கு உங்கள் பெயர் போகாது, அந்த இலக்கம்தான் போகும். இலக்கம் பிழைத்தால் எல்லாம் பிழை.

கடைசியாகப் படிவம். கொப்பியைத் திறந்து ஏழு நாள் மருந்தையும் எழுதுங்கள். ஏதாவது சரியில்லை என்று பட்டால் மாதிரியைக் கொடுத்துவிட்டுக் குறிப்புப் பெட்டியில் எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். பிரதியை வாங்காமல் எழும்பாதீர்கள்.

8. இரத்தம் எடுத்தால் உயரத்தைச் சொல்லுங்கள்

இரத்தக் கடவுச்சீட்டுக்கான (வீரரின் இரத்த அளவுகளைக் காலப்போக்கில் ஒப்பிட்டுப் பார்க்கும் பதிவு) மாதிரி என்றால், கடந்த இரண்டு வாரத்தில் 1,500 மீற்றருக்கு மேலான உயரத்தில் வாழ்ந்தீர்களா, பயிற்சி செய்தீர்களா என்று கேட்பார்கள். நம் பிள்ளைகள் வெளிநாட்டு முகாமைக் கேட்கிறார்கள் என்று நினைத்து “இல்லை” என்கிறார்கள். நுவரெலியா நகரம் 1,868 மீற்றரில் இருக்கிறது. வீடே அங்கேதான் என்றால் பதில் “ஆம்”. ஹட்டன் ஏறக்குறைய 1,270, அது கணக்கில் வராது. உயரம் இரத்தத்தின் அளவுகளை மாற்றும். காரணம் பதியப்படாவிட்டால் அந்த மாற்றம் சந்தேகமாகத் தெரியலாம்.

9. கடிதம் வந்தால் நாட்களை எண்ணத் தொடங்குங்கள்

இலங்கையில் வாடா அங்கீகரித்த ஆய்வுகூடம் இல்லை, மாதிரி வெளிநாட்டுக்குப் போகிறது. வாரக்கணக்கில் ஆகும். மாதிரியில் தடைப்பொருள் வந்தால் அனுப்பும் கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வந்து அங்கேயே கிடப்பதும் உண்டு. அதனால் பதியும்போதே மின்னஞ்சலும் நகரத்தில் நம்பிக்கையான ஒருவரின் முகவரியும் கொடுங்கள்.

கடிதம் கைக்கு வந்ததும் முதலில் அதன் ஒவ்வொரு கெடு நாளையும் கொப்பியில் எழுதுங்கள். சிகிச்சை விலக்கு இருந்தால் அனுப்புங்கள். மறுபரிசோதனைக்காக வைத்திருக்கும் பி போத்தலைத் திறக்கக் கேளுங்கள், அதற்கு நீங்களோ உங்கள் ஆளோ போகலாம். இலங்கை கிரிக்கெட் வீரர் குசல் பெரேராவுக்கு 2015 முடிவில் தற்காலிகத் தடை விழுந்தது. கட்டார் ஆய்வுகூடத்தின் முடிவை எதிர்த்து நிபுணர்களோடு வாதாடி, 2016 மேயில் முழுதாக விடுபட்டார். ஆய்வுகூடமும் பிழை விடலாம், ஆனால் அதைக் காட்டக் காலமும் காசும் வேண்டும். அதனால் சங்கத்திடம் முதல் நாளே உதவி கேளுங்கள்.

நாலு வருடம் வரக்கூடிய குற்றத்தை உண்மையிலேயே செய்திருந்தால், குற்றச்சாட்டுக் கடிதம் கிடைத்து 20 நாளுக்குள் ஒப்புக்கொண்டால் ஒரு வருடம் குறையும். இந்தச் சலுகை தெரியாமல் 21ஆம் நாள் வருகிறவர்களுக்கு யாராலும் உதவ முடியாது.

10. தண்டனை எப்படிக் கணக்கிடப்படுகிறது

ஸ்டீரொய்டு, ஈபிஓ (சிவப்பணுக்களைக் கூட்டும் ஊசிமருந்து) போன்றவற்றுக்கு நாலு வருடம். வேண்டுமென்று செய்யவில்லை என்று வீரர் நிரூபித்தால் இரண்டு. டெர்பியுட்டலின், பிரட்னிசலோன், ஃபுரோசிமைட் போன்ற ‘குறிப்பிட்ட பொருட்கள்’ என்றால் தொடக்கமே இரண்டு வருடம். வேண்டுமென்று எடுத்ததாக அமைப்பு நிரூபித்தால் நாலு. கவனக்குறைவு சிறியது என்று காட்டினால் வெறும் கண்டனம் வரை இறங்கலாம். அந்த உறையும் துண்டும் கொப்பியும் இந்த இடத்தில்தான் பேசும்.

கஞ்சா, கொக்கெயின் போன்றவை போட்டிக்கு வெளியே, விளையாட்டோடு சம்பந்தமில்லாமல் எடுத்தது என்று நிரூபித்தால் மூன்று மாதம். சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் ஒரு மாதம். இருப்பிடத் தவறுக்கு ஒன்று முதல் இரண்டு வருடம். இவற்றோடு அந்தப் போட்டியின் முடிவு, பதக்கம், பரிசுப் பணம் எல்லாம் போகும்.

பயிற்றுநர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்குத் தடைப்பொருள் கொடுத்தால் நாலு வருடம் முதல் ஆயுள் வரை. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஸ்டீரொய்டு போன்றதைக் கொடுத்தால் ஆயுள்தான். இது சரியான தண்டனை என்று நான் முழுமனதோடு நம்புகிறேன்.

11. தடைக்காலத்தில் செய்யக்கூடியதும் கூடாததும்

தடை என்பது போட்டிக்கு மட்டும் இல்லை. சங்கத்தின் கீழ் வரும் கழகத்தோடு பயிற்சி செய்யவோ, பயிற்சி கொடுக்கவோ, வேறு விளையாட்டில் சேரவோ கூடாது. மீறினால் முதல் தடையின் அளவு வரை இன்னொரு தடை கூடும். தனியாகத் தோட்டத்துப் பாதையில் ஓடலாம். தைப்பொங்கல், சித்திரை விழாவில் ஊர் இளைஞர்கள் நடத்தும் ஓட்டம் என்றால், அதன் பின்னால் எந்தச் சங்கம் இருக்கிறது என்று தெரியாமல் பெயர் கொடுக்காதீர்கள். ஸ்லாடாவிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கழகத்தோடு பயிற்சிக்குத் திரும்ப, தடையின் கடைசி இரண்டு மாதம் அல்லது கடைசிக் காற்பங்கு, இரண்டில் எது குறைவோ அது கிடைக்கும். இரண்டு வருடத் தடை என்றால் 22 மாதம் முடிந்ததும் மைதானத்துக்கு வரலாம். இடையில் எப்போது வேண்டுமானாலும் மாதிரி கேட்டு வருவார்கள், அதனால் முகவரி மாறினால் அறிவியுங்கள்.